ஏடு மாறலாம், எண் மறையலாகாது!

(கட்டற்ற மென்பொருள் ஆக்கும் இளைஞர்தம் கூட்டத்தில் ஆற்றிய பொழிவின் எழுத்துவடிவம்)

  கூலி கருதாது கணிப்பொறிமுன் அமர்ந்து பொதுநலத்திற்கு உழைக்கும் இளவல்களே, தங்கைமாரே! 

தமிழாசிரியனுக்கு மென்பொருள் அவையில் என்ன வேலை என்று உங்களுள் சிலர் எண்ணக்கூடும். நிரல் எழுதும் கலை யான் கற்றதன்று. ஆயினும், ஏடு என்றால் என்ன, அது சிதைந்தால் என்ன நேரும் என்பதைத் தமிழ் பயின்ற எவனும் அறிவான். நீங்கள் எனக்குத் தந்த பொருளும் ஏட்டைப் பற்றியதே. பலர் கூடி ஆக்கி, மூலநிரலையும் உலகிற்குத் திறந்துவைத்த ஒரு மென்பொருள் திட்டம், தன் குறைகளைப் பதியும் ஏட்டை ஓரிடத்தினின்று மற்றோரிடத்திற்கு மாற்றுங்கால் எவற்றைக் கருதவேண்டும் என்பதே அப் பொருள்.

முதற்கண் சொல்லைத் தெளிவாக்கிக்கொள்வோம். 'இசுயூ டிராக்கர்' என்று ஆங்கிலத்தில் வழங்குவதை யான் 'குறையேடு' என்கின்றேன். மென்பொருளைப் பயன்படுத்துவான் ஒருவன் அதில் ஒரு பிழை காண்கின்றான். அதனைக் குறையேட்டில் எழுதுகின்றான். உடனே அதற்கு ஓர் எண் கிடைக்கின்றது. நிரலர் அதனை ஆராய்கின்றனர். 'எம் கணிப்பொறியில் அப் பிழை தோன்றவில்லையே' என்கின்றார் ஒருவர். 'இன்ன நிலையில் மட்டும் தோன்றும்' என்று விளக்குகின்றார் இன்னொருவர். முடிவில் ஒருவர் திருத்துகின்றார், குறை மூடப்படுகின்றது. மூடப்படுகின்றதேயன்றி அழிக்கப்படுவதில்லை. நிரலைப் படித்தால் என்ன செய்தார்கள் என்பது விளங்கும்; ஏன் அவ்வாறு செய்தார்கள் என்பது குறையேட்டைப் படித்தாலன்றி விளங்காது. நூலுக்கு உரை எத்தகையதோ, நிரலுக்குக் குறையேடு அத்தகையது. உரை தொலைந்த நூலைக் கையில் வைத்துக்கொண்டு பொருள் காணாது தவிக்கும் துன்பம் எங்கள் துறையார் நன்கு அறிந்ததே.

எண்ணின் அருமையை விளக்க என் தொழிலிலிருந்தே ஓர் எடுத்துக்காட்டுக் கூறுவேன். ஒவ்வொரு பள்ளியிலும் சேர்க்கைப் பதிவேடு ஒன்று உண்டு. மாணவன் சேரும்பொழுது அவனுக்கு ஒரு சேர்க்கை எண் இடப்படும். அவன் மாற்றுச் சான்றிதழ் பெற்றுச் சென்றபின்னும் அவ்வெண் வேறெவர்க்கும் தரப்படாது. முப்பதாண்டு கழித்து அவன் தன் பிறந்தநாட்குச் சான்று வேண்டி வந்தால், அலுவலகத்தார் கேட்கும் முதற் கேள்வி, 'சேர்க்கை எண் என்ன?' என்பதே. பள்ளி புதிய கட்டடத்திற்குப் போகலாம்; ஏட்டின் அட்டை மாறலாம்; எண் மாறினால் அந்த மாணவன் இல்லாதவனாகிவிடுவான்.

குறையேட்டின் எண்ணும் அத்தகையதே. அவ்வெண் ஏட்டில் மட்டும் இருப்பதில்லை. நிரலின் குறிப்புகளில், திருத்தத்தின் வரலாற்றில், கையேடுகளில், பிறர் எழுதிய மின்மடல்களில் எல்லாம் பரவிக் கிடக்கும். 'இவ்வரியை நீக்கற்க, இன்ன எண்ணுடைய குறையைக் காண்க' என்று ஒரு நிரலர் எழுதிச் சென்றிருப்பார். பத்தாண்டு கழித்து வருவோன் அவ்வெண்ணைத் தேடுங்கால் அஃது எங்கும் சுட்டாதாயின், அவ்வரியை நீக்குவான். பழைய பிழை மீண்டும் தலைதூக்கும்.

இனி, மாற்றத்தைச் செம்மையாகச் செய்தோர் வரலாற்றைக் காண்போம். விக்கிப்பீடியாவை நீங்கள் அனைவரும் அறிவீர்கள். 2003-ஆம் ஆண்டிலிருந்து வளர்ந்துவரும் தமிழ் விக்கிப்பீடியாவும் அதே மென்பொருளில் இயங்குவதே. ஆகலின், தமிழ் விக்கிப்பீடியாவில் காணும் மென்பொருட் குறையும் விக்கிமீடியாவின் பொதுக் குறையேட்டிற்கே சென்றுசேரும். அவ்வேடு 2004-ஆம் ஆண்டு முதல் 'பக்சில்லா' என்னும் கட்டற்ற மென்பொருளில் இருந்தது. அதன் முதற் குறை யாது தெரியுமா? விளக்க ஆவணங்கள் பழையனவாயும் நிறைவற்றனவாயும் உள்ளன என்பதே! உலகெங்கும் மென்பொருள் செய்வோர்க்குப் பொதுவான நோய் அது போலும்.

பத்தாண்டில் அங்கு ஒரு சிக்கல் முளைத்தது. குறைகள் பக்சில்லாவில், சில குழுக்களின் பணித்திட்டங்கள் வேறு கருவிகளில், நிரலாய்வு மற்றோரிடத்தில். ஒரே இல்லத்தில் ஐந்தாறு கணக்கேடுகள் இருந்தால் எந்தக் கணக்கு மெய்யென்பது? ஆகலின், பொதுக் கலந்தாய்வு நடத்தி, 'பேப்ரிகேட்டர்' என்னும் கட்டற்ற மென்பொருளைத் தேர்ந்தனர். 2014 நவம்பரில் பழைய ஏட்டில் எழுதுவதைச் சில நாள் நிறுத்தி, 70,000-இற்கு மேற்பட்ட குறைகளைப் புதிய ஏட்டிற்குக் கொண்டுசென்றனர்.

அவர்கள் எண்ணை எவ்வாறு காத்தனர் என்பதே நாம் கற்கவேண்டிய பாடம். புதிய ஏட்டில் தொடக்க எண்கள் வேறு பணிகளுக்குப் போயிருந்தன. எனவே, பழைய எண்ணுடன் 2,000-ஐக் கூட்டினால் புதிய எண் வருமாறு அமைத்தனர். முதற் குறை 2001 ஆயிற்று. 5000 என்பது 7000 ஆயிற்று. 70,000 என்பது 72,000 ஆயிற்று. அட்டவணை வேண்டா; கருவி வேண்டா; மூன்றாம் வகுப்புப் பிள்ளையும் விரல்விட்டுக் கூட்டிவிடலாம். பழைய முகவரிக்குச் சென்றாலும் அது புதிய இடத்திற்குத் தானே கொண்டுபோய் விடும். எத்துணை எளிய வழி! எளிமையாயிருத்தலினாலேயே அது நிலைத்தது.

பெயரையும் அவர்கள் மறக்கவில்லை. பக்சில்லாவில் எழுதியவர்கள் அனைவரும் புதிய ஏட்டில் கணக்குத் தொடங்கியிருக்க இயலாதன்றோ? ஆகவே, பழைய எழுத்துகள் முதலில் ஒரு பொதுக் கணக்கின் பெயரில் ஏற்றப்பட்டன. பின்னர், உரியவர் வந்து, பழைய மின்மடல் முகவரி தமதென மெய்ப்பித்தால், அவர் எழுதியவை அவர் பெயருக்கே மாற்றப்பட்டன. ஊதியமின்றி உழைத்தவனுக்கு மிஞ்சுவது பெயர் ஒன்றே; அதனையும் பறித்துக்கொள்வது அறமன்று. 2021 திசம்பரில் எல்.எல்.வி.எம். என்னும் நிரல்பெயர்ப்பித் திட்டத்தார் பக்சில்லாவினின்று 'கிட்கப்' தளத்திற்கு மாறியபொழுது, பழைய குறைகள் பல எந்திரக் கணக்கொன்றின் பெயரில் ஏறி இன்றும் அவ்வாறே நிற்கின்றன. எழுதியவர் பெயர் உள்ளே குறிப்பாக மட்டும் இருக்கின்றது. செய்தி காக்கப்பட்டது; ஆயின், உழைத்தவன் முகம் சற்றே மங்கிற்று.

அடுத்து, இன்னொரு வரலாறு. இது சற்றுக் கசப்பும் கலந்தது. 'பைத்தான்' என்னும் நிரல்மொழியை அறியாதார் இவ்வவையில் இரார். 1991-இல் கைடோ வான் உரோசம் என்பார் வெளியிட்ட மொழி அது. அதன் குறையேடு முன்னர் 'சோர்சுபோர்ச்சு' என்னும் பிறர் தளத்தில் இருந்தது. 2006-ஆம் ஆண்டு புதிய ஏடு தேடினர். ஆய்வுக்குழு, நிறுவனமொன்று விற்கும் 'சிரா' என்னும் ஏட்டினைப் பரிந்துரைத்தது. அது திறந்த மூலநிரலுடைய மென்பொருளன்று. ஆயினும் விலையின்றித் தர அந் நிறுவனம் அணியமாயிருந்தது. மற்றொன்று, 'இரவுண்டப்' என்னும் கட்டற்ற ஏடு. அதுவும் பைத்தான் மொழியிலேயே எழுதப்பட்டது. குழுவினர் ஒரு நிலை விதித்தனர்: இரவுண்டப்பைப் பேணப் போதிய தொண்டர் முன்வந்தால் அதனையே கொள்வோம், இன்றேல் சிராவே. தொண்டர் முன்வந்தனர்! 2007-இல் தம் மொழியால் ஆகிய ஏட்டை, தம் முகவரியில், தம் பொறுப்பில் நிறுவினர். உள்ளம் பூரிக்கும் செய்தியன்றோ இது?

ஆனால், அவ்வேடு 2022 ஏப்பிரல் வரையே நின்றது. அதன்பின் பைத்தானின் குறைகள் கிட்கப் தளத்திற்குக் குடிபெயர்ந்தன. 2018-இல் 750 கோடி அமெரிக்க வெள்ளி கொடுத்து மைக்ரோசாப்ட்டு நிறுவனம் வாங்கிய தளம் அது. தம் வீட்டை விட்டு ஏன் குடிக்கூலி வீட்டிற்குப் போயினர்? எவரேனும் துரத்தினரா? இல்லை. 2017-இலேயே அவர்தம் மூலநிரல் கிட்கப்பிற்குச் சென்றுவிட்டது. நிரல் ஓரிடம், குறையேடு ஓரிடம் என்றாயிற்று. புதிதாக வருவோர்க்குக் கிட்கப்பில் முன்னரே கணக்கு இருந்தது. இரவுண்டப்பைத் தூசுதட்டிப் பேணுவோரோ மிகச் சிலராயினர். 2019-இல் இருவேறு முன்மொழிவுகள் எதிரெதிர் நின்றன. கிட்கப்பிற்குச் செல்வோம் என்றது ஒன்று. இருக்கும் ஏட்டையே திருத்திச் செப்பஞ்செய்வோம், ஒரு நிறுவனத்தின் தளத்திற்குக் கட்டுப்படல் வேண்டா என்றது மற்றொன்று. முன்னதே வென்றது.

இதனைக் கேட்டு அவர்களைப் பழிப்பது எளிது. யான் பழிக்க மாட்டேன். தோழர்களே! தன்னுரிமை என்பது திறவுகோல் நம் இடுப்பில் தொங்குவது மட்டுமன்று. நாள்தோறும் வீட்டைப் பெருக்குவதும் அதனுள் அடங்கும். 2006-இல் முன்வந்த கைகள் அனைத்தும் 2019-இல் இருந்திருந்தால் அந்த வீடு காலியாகியிராது. முழக்கமிட ஆயிரம் பேரும், கூரை மாற்ற இருவரும் என்றிருக்கும் எந்த வீடும் ஒருநாள் ஒழுகத்தான் செய்யும். ஒழுகும் வீட்டினின்று வெளியேறுபவனைக் குறைகூற, கூரையேறாதவனுக்கு என்ன உரிமை உண்டு?

மாறும்பொழுதும் அவர்கள் கடமையை மறவாது செய்தனர். கிட்கப்பில் குறைகளும் திருத்த வேண்டுகோள்களும் ஒரே எண்வரிசையில் அமைவன. பல ஆயிரம் எண்கள் முன்னரே செலவாகிவிட்டமையால், பழைய எண்ணை அப்படியே வைத்தல் இயலாதாயிற்று. ஆகவே, ஒவ்வொரு குறையின் தலையிலும் பழைய எண்ணைப் பொறித்தனர். பழைய ஏட்டை எழுதவியலாத, படிக்கமட்டும் இயலும் ஏடாக நிறுத்தி, அங்கிருந்து புதிய இடத்திற்கு வழியும் காட்டினர். பழைய முகவரி அவர்களுடையதாகவே இருந்தமையால்தான் இது கைகூடிற்று.

குடிக்கூலி வீட்டில் என்ன இடர் என்று கேட்பீராயின், கேளுங்கள். கூகுள் நிறுவனம் 'கூகுள் கோடு' என்னும் தளத்தை நடத்திற்று. எண்ணற்ற திட்டங்கள் தம் நிரலையும் குறையேட்டையும் அங்கு வைத்திருந்தன. 2015 மார்ச்சில் மூடப்போவதாக அறிவித்து, 2016 சனவரியில் மூடிவிட்டது. எடுத்துச்செல்ல வழி தந்தது மெய்யே. எனினும், போகும் நாளைக் குறித்தவன் வீட்டுக்காரனேயன்றிக் குடியிருந்தவன் அல்லன். அடுத்து, 2019 சூலையில், அமெரிக்க நாட்டு வணிகத்தடைச் சட்டத்தின் கரணியமாக, ஈரான், சிரியா, கிரிமியா ஆகிய இடங்களில் வாழ்ந்த நிரலர் பலர் கிட்கப்பில் தாம் வைத்திருந்த தனிக்களஞ்சியங்களைப் பயன்படுத்த முடியாதவராயினர். பொதுக்களஞ்சியங்கள் திறந்தே இருந்தன; ஈரானியர்க்கு 2021 சனவரியில் இசைவு கிடைத்தது. அந் நிரலர் செய்த பிழை யாது? ஒன்றுமில்லை. வீட்டுக்காரன் எந்நாட்டுச் சட்டத்திற்கு உட்பட்டவனோ, அந்நாட்டுச் சட்டம் குடியிருப்போன் வாயிற்படிக்கும் வந்துவிடும் என்பதே இதனாற் பெறப்படும் உண்மை.

தம் வீட்டில் இருந்தோர்க்கு இடரே இல்லையோ எனின், உண்டு. விக்கிமீடியா தேர்ந்த பேப்ரிகேட்டரை ஆக்கிய நிறுவனம் 2021-இல் அப் பணியைக் கைவிட்டது. ஆயினும் என்ன? மூலநிரல் கட்டற்றதாகவும், ஏடு தம் வழங்கியிலேயே இருந்தமையாலும், எவரும் தெருவில் நிற்கவில்லை. தொண்டர் கூடி அம் மென்பொருளினின்று 'போர்ச்சு' என்னும் புதுக்கிளையை வளர்த்தனர். கொத்தன் ஊரைவிட்டுப் போனாலும் வீடு இடிவதில்லை. வேறு கொத்தனைக் கொண்டு சுவரெழுப்பலாம். உரிமையின் பயன் இதுவே.

எல்லாவற்றையும் ஒருங்கே மாற்றவேண்டும் என்னும் கட்டாயமும் இல்லை. குனோம் திட்டத்தார் 2018-இல் தம் வழங்கியில் தாமே நிறுவிய 'கிட்லேப்' மென்பொருளுக்கு நிரலையும் குறைகளையும் சேர்த்தே கொண்டுசென்றனர். கே.டி.இ. திட்டத்தாரோ 2020-இல் நிரலை மட்டும் அவ்வாறே தம் கிட்லேப்பிற்கு மாற்றி, குறைகளைப் பழைய பக்சில்லாவிலேயே விட்டுவைத்தனர். அவரவர் ஆள்வலிமையும் தேவையும் அறிந்து செய்தனர். பிறரைப் பார்த்துச் செய்யவில்லை.

இளைஞர்களே! இவற்றினின்று நீங்கள் கைக்கொள்ளவேண்டியவை எவை? சிலவற்றை மட்டும் தொகுத்துரைப்பேன்.

முதலாவது, ஏன் மாறுகின்றோம் என்பதை ஒரு பக்க அளவில் எழுதிப் பாருங்கள். பழைய ஏடு பழுதுபட்டதா, அன்றி அதனைப் பேணுவோர் சோர்ந்தனரா? சோர்வே கரணியமாயின், புதிய ஏட்டிலும் அச் சோர்வு உங்களுடன் குடிவரும்.

இரண்டாவது, நுழையுமுன் வெளியேறும் வழியைப் பாருங்கள். குறை, அதன்கீழ் நிகழ்ந்த உரையாடல், இணைத்த கோப்பு, நாள், எழுதியவர் பெயர் ஆகிய அனைத்தையும் முழுமையாக வெளியே எடுக்க இயலுமா என்று சிறிய அளவில் எடுத்தே பாருங்கள். வழி உண்டு என்று விளம்பரத்தில் எழுதியிருப்பதை நம்பி இருந்துவிடாதீர்கள்.

மூன்றாவது, முகவரி உங்களுடையதாயிருக்கட்டும். ஏடு எவர் வழங்கியில் இருப்பினும், அதற்குச் செல்லும் வாயிலை உங்கள் பெயரில் வாங்கிய தளமுகவரியில் வையுங்கள். நாளை வேறிடம் சென்றாலும், பழைய வாயிலில் வழிகாட்டிப் பலகை நடலாம். பிறன் முகவரியை வாயிலாக வைத்தவன் பலகை நடவும் அவனிடமே கையேந்தவேண்டும்.

நான்காவது, எண்ணைக் காத்திடுங்கள். அப்படியே கொண்டுசெல்ல இயன்றால் நன்று. இயலாதாயின் விக்கிமீடியாவைப்போல் ஒரு தொகையைக் கூட்டுங்கள். அதுவும் இயலாதாயின் பழைய எண்ணுக்குப் புதிய எண் இன்னதெனக் காட்டும் அட்டவணையை மூலநிரலுடனேயே வையுங்கள். நிரல் போகுமிடமெல்லாம் அட்டவணையும் போகும்.

ஐந்தாவது, ஒத்திகை பாருங்கள். முழு ஏட்டையும் ஒரு வெள்ளோட்டத் தளத்தில் ஏற்றி, பழைய குறைகளுள் நூறு பொறுக்கி, வரிக்குவரி ஒப்பிடுங்கள். தமிழெழுத்துகள் சிதைந்து கட்டங்களாகவும் வினாக்குறிகளாகவும் வந்துள்ளனவா என்பதை முதலில் நோக்குங்கள். ஏற்றும்பொழுது மின்மடல் அறிவிப்பை நிறுத்திவையுங்கள்; இன்றேல், பத்தாண்டுக்கு முன் மூடிய குறைகளுக்கெல்லாம் ஆயிரக்கணக்கான மடல்கள் உறுப்பினர் தலையில் ஒரே இரவில் பொழியும்.

ஆறாவது, மறைவாக வைத்த குறைகளைத் தனியே கையாளுங்கள். காப்பில் ஓட்டையுண்டு என்று நம்பிக்கையுடன் ஒருவர் மறைவாக எழுதியது, மாற்றத்தின்போது பொதுவில் விழுந்தால், கள்வனுக்குத் திறவுகோலை நாமே தந்தவராவோம். மின்மடல் முகவரிகளும் அவ்வாறே காக்கத்தக்கன.

ஏழாவதே தலையாயது. பேணுவோர் பெயர்ப்பட்டியல் ஒன்று வேண்டும். மாற்றும் நாளில் கைதட்டுவோர் பட்டியலன்று. மாற்றியபின் ஐந்தாண்டுக்குத் திங்கள்தோறும் ஏட்டின் படியெடுத்து வேறோரிடத்தில் வைப்பவர் யார், தேங்கிய குறைகளைப் பிரித்துத் தருபவர் யார், அவர் சென்றபின் வருபவர் யார் என்னும் பட்டியல். அப் பட்டியலில் இரண்டு பெயர்கூடத் தேறாதாயின், தம் வழங்கி, தம் ஏடு என்னும் பேச்சைச் சிறிது ஒத்திவைத்து, பிறர் தளத்திலேயே இருந்து, கிழமைதோறும் படியெடுத்துக் காத்துக்கொள்ளுங்கள். கையில் படியுள்ளவன் குடிக்கூலி வீட்டில் இருந்தாலும் அடிமையல்லன். படியெடுக்காதவன் தம் வீட்டில் இருந்தாலும், வட்டு ஒன்று பழுதானால் ஒரே நாளில் ஏதிலியாவான்.

தோழர்களே! நீங்கள் எழுதும் நிரல் நாளை வேறு நிரலுக்கு இடங்கொடுத்து மறையலாம். ஆனால், 'இங்கே ஒரு பிழை கண்டேன்' என்று எங்கோ ஓர் ஊரில் இருந்து ஒருவன் எழுதிய வரியும், 'இதோ திருத்தினேன்' என்று இன்னொருவன் எழுதிய மறுமொழியும், அறியாத இருவர் பொதுநலத்திற்காகக் கைகோத்ததன் சான்று. அச் சான்றினைச் சுமந்து செல்வோரே ஏடு மாற்றுவோர். சுமையின் அருமை அறிந்து சுமப்பீராக! எண் ஒன்றும் குறையாது, பெயர் ஒன்றும் மறையாது, புதிய இடத்தில் இறக்கிவைப்பீராக! இறக்கிவைத்தபின் பெருக்குமாற்றையும் கையிலெடுப்பீராக!